கேள்விப்பத்திரத்தில் ஒரு பந்தி: கிழக்கின் ஆய்வுகூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல்கலைக்கழகப் பீடங்கள், வைத்தியசாலைகள், விவசாய, மீன்வள ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவற்றின் ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கும், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவினருக்கும், கொள்வனவுக் குழுவினருக்கும்.

ஐயா, அம்மணி,

நுணுக்குக்காட்டிக்குக் கமரா வாங்கக் கேள்விப்பத்திரம் எழுதும்போது "20 மெகாபிக்சல், மென்பொருளுடன்" என்று ஒரு வரி போடுவது வழக்கம். அந்த ஒரு வரிதான் அடுத்த பத்து வருடங்களுக்கு உங்கள் ஆய்வுகூடம் எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது என்று தீர்மானிக்கிறது. அதை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கட்டற்ற மென்பொருளைப் பாவியுங்கள் என்று சொல்வது இலகு. இலவசம்தானே, பதிவிறக்கினால் போதும் என்று நினைப்போம். படத்தை அளக்கும் மென்பொருளுக்கு அது பொருந்தும். படத்தைப் பிடிக்கும் மென்பொருளுக்குப் பொருந்தாது. கமராவோடு பேச அதற்கு ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் இல்லாத கமராவை வாங்கிவிட்டால், பிறகு எந்த மென்பொருளைக் கொண்டு வந்தாலும் கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்தான்.

முதலில் அளக்கும் மென்பொருள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் 1987இல் மக்கின்டோஷ் கணினிக்காக எழுதிய நிரலின் வழித்தோன்றல்தான் 1997இல் வந்த இமேஜ்ஜே. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை, மூலநிரல் பொதுவுடைமை. அதே இமேஜ்ஜேயுடன் உயிரியலாளருக்குத் தேவையான செருகுநிரல்களைச் சேர்த்துக் கட்டிய பொதி ஃபிஜி. கலங்களை ஆயிரக்கணக்கில் எண்ண செல்புரொஃபைலர், இழையத் துண்டுகளின் பெரிய படங்களுக்குக் குயூபாத். நிறுவனங்களின் மூடிய கோப்பு வடிவங்களைத் திறக்க பயோ-ஃபோர்மட்ஸ் ஃபிஜியுடனேயே வருகிறது. படம் பிடிக்கும் பக்கத்தில் மைக்ரோ-மேனேஜர்: சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரொன் வேலின் ஆய்வுகூடத்தில் 2005இல் தொடங்கியது. கமரா, மோட்டர் பொருத்திய மேடை, ஒளிமூடி, வடிகட்டிச் சில்லு எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து இயக்கும்.

இனிக் கமரா. இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

மெகாபிக்சல் எண்ணிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஒரு பிக்சலின் அகலம் எத்தனை மைக்ரோமீற்றர், உணரியின் மூலைவிட்டம் எத்தனை மில்லிமீற்றர். பொருள்வில்லையின் கழுத்தில் 40/0.65 என்று பொறித்திருப்பார்கள். 40 உருப்பெருக்கம், 0.65 எண்துளை, அதாவது வில்லை எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பைச் சேர்க்கிறது என்பதன் அளவு. அந்த 0.65தான் பிரிவலுவைத் தீர்மானிக்கிறது. பச்சை ஒளியின் அலைநீளமான 0.55 மைக்ரோமீற்றரை 0.61ஆல் பெருக்கி 0.65ஆல் பிரித்தால் 0.52 மைக்ரோமீற்றர் வரும். இதைவிட நெருங்கிய இரு புள்ளிகளை அந்த வில்லை பிரித்துக் காட்டாது. கமரா அதை முழுமையாகப் பதிவுசெய்ய வேண்டுமென்றால் மாதிரியின் மீது ஒரு பிக்சல் அதில் பாதிக்கு, அதாவது 0.26 மைக்ரோமீற்றருக்கு, மேற்படக் கூடாது. மாதிரியின் மீதான பிக்சல் அளவு என்பது கமராப் பிக்சலை, பொருள்வில்லையின் உருப்பெருக்கத்தாலும் கமராவைப் பொருத்தும் இடைக்குழாயின் உருப்பெருக்கத்தாலும் பிரித்து வருவது.

ஓர் உதாரணம். பரவலாகக் கிடைக்கும் 5 மெகாபிக்சல் உணரி: 2448க்கு 2048 பிக்சல், ஒவ்வொன்றும் 3.45 மைக்ரோமீற்றர், மூலைவிட்டம் 11 மில்லிமீற்றர். விற்பனையாளர் 0.5 மடங்கு இடைக்குழாயைச் சேர்த்துத் தருவார். 40 மடங்கு வில்லையில் பிக்சல் 0.17 மைக்ரோமீற்றர், பிரச்சினை இல்லை. ஆனால் 10/0.25 வில்லையில் பிக்சல் 0.69 மைக்ரோமீற்றர், தேவையோ 0.67. மயிரிழையில் தவறுகிறது. இன்னொரு கோளாறும் உண்டு. 11 மில்லிமீற்றர் உணரி அந்தக் குழாய் வழியாக 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள பார்வைப் புலத்தைக் கேட்கும். மாணவர் நுணுக்குக்காட்டிகளில் பலவற்றின் புல எண், அதாவது மில்லிமீற்றரில் பார்வைப் புலத்தின் விட்டம், 18. படத்தின் நாலு மூலையும் இருண்டுபோகும். 0.63 மடங்கு குழாயை மாற்றிப் போட்டால் 17.5 மில்லிமீற்றர், மூலைகள் தெளியும். 10 மடங்கு வில்லையிலும் பிக்சல் 0.55க்கு இறங்கிவிடும். ஒரு குழாயை மாற்றினால் தீர்கிற வேலைக்கு 20 மெகாபிக்சல் கமரா வாங்குகிறோம். அதன் 2.4 மைக்ரோமீற்றர் பிக்சல்கள் 100 மடங்கு வில்லையில் புது விவரம் எதையும் கூட்டுவதில்லை. 16 பிட்டில் சேமித்தால் ஒரு படம் 10 மெகாபைட்டிலிருந்து 40 மெகாபைட்டாக வீங்குவதுதான் மிச்சம்.

நிறக் கமராவா, கறுப்பு-வெள்ளையா? குருதிப் பூச்சு, இழையவியல் வெட்டு என்றால் நிறம் வேண்டும். புளோரசன்ஸ், அதாவது ஒளிபட்டுத் தானே ஒளிரும் சாயங்கள், என்றால் கறுப்பு-வெள்ளை. நிறக் கமராவில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் இருக்கிறது. மற்ற இரு நிறங்களையும் அயல் பிக்சல்களிலிருந்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. மங்கலான புளோரசன்ஸில் இந்த ஊகத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

அடுத்தது டிரைவர். மைக்ரோ-மேனேஜரின் இணையத்தளத்தில் ஆதரிக்கப்படும் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. கமராவின் மாதிரிப் பெயர், அதற்கு நிறுவ வேண்டிய உற்பத்தியாளர் நூலகம், சில இடங்களில் அதன் பதிப்பு எண்கூட அங்கே இருக்கும். பதிப்பு பொருந்தாவிட்டால் சாதனப் பட்டியலில் கமராவே தோன்றாது. அல்லது தோன்றி, தொடங்கும்போது பிழை காட்டும். பார்வைத்துண்டுக்குள் செருகும் மலிவான யூஎஸ்பி கமராக்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை வெப்கமராவாக நடத்தித்தான் ஓட்டலாம். அப்போது கிடைப்பது 8 பிட் படம், ஒளிபடு நேரமும் நம் கையில் இருக்காது. வகுப்பில் திரையிட்டுக் காட்ட அது போதும், ஒளிச்செறிவை அளக்கப் போதாது.

டிரைவர் இருந்தும் கமரா இயங்காவிட்டால் முதலில் உற்பத்தியாளரின் சொந்த மென்பொருள் பின்னணியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கமராவை ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பிடித்துவைத்திருக்க முடியாது. அடுத்து யூஎஸ்பி 3 கேபிள்: 3 மீற்றருக்கு மேல் போனாலோ, மலிவான ஹப் வழியாகப் போனாலோ இடையிடையே சில படங்கள் தவறிப்போகும். இரண்டும் சரியென்றால்தான் டிரைவரைக் கழற்றி மாட்ட யோசிக்க வேண்டும்.

கமரா வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மைக்ரோ-மேனேஜரோடு போலிக் கமராவும் போலி மேடையும் கொண்ட மாதிரி அமைப்புக் கோப்பு ஒன்று வருகிறது. எந்த விண்டோஸ் மடிக்கணினியிலும் அதை ஏற்றி, பல நிறம், பல ஆழம், பல நேரம் என்ற முழுப் படப்பிடிப்பையும் பழகிப் பார்க்கலாம். கேள்விப்பத்திரம் எழுதுகிறவர் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினாலே, என்ன கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியவரும்.

ஒளியைக் கணினியிலிருந்து அணைத்து ஏற்ற விலையுயர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி அவசியமில்லை. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மைக்ரோ-மேனேஜரில் ஆதரவு உண்டு. அதற்கான நிரலைப் பலகையில் ஏற்றி, தொடர்முனையின் வேகத்தை 57600 என்று வைத்தால் 8 முதல் 13 வரையான முனைகள் ஆளிகளாக வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: முனையிலிருந்து நேரடியாக எல்இடியை எரிக்காதீர்கள். ஒரு முனையிலிருந்து 20 மில்லியம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல, நுணுக்குக்காட்டி எல்இடியோ 350 மில்லியம்பியரும் அதற்கு மேலும் கேட்கும். இடையில் ஒரு மொஸ்ஃபெட்டும் (பெரிய மின்னோட்டத்தை ஆளும் மின்னணு ஆளி) தனி மின்வழங்கியும் போட வேண்டும். தொடர்முனையைத் திறக்கும் கணத்தில் பலகை தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொள்ளும், எனவே முதல் ஓரிரு செக்கன்கள் கட்டளைக்குப் பதில் வராது. பலகை பழுது என்று எறிந்துவிட வேண்டாம்.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஒளிபடு நேரத்தை 7 மில்லிசெக்கன் என்று வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், சில கமராக்களில் படத்தின் குறுக்கே பட்டைகளும் ஓடும். 10, 20, 30 என்று பத்தின் மடங்குகளில் வையுங்கள், தொல்லை போய்விடும்.

இரவு முழுக்க நேர இடைவெளிப் படம் எடுப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2048க்கு 2048 பிக்சல், 16 பிட் என்றால் ஒரு படம் 8 மெகாபைட். மூன்று நிறம், 21 ஆழம், 60 நேரப்புள்ளி என்றால் 3780 படங்கள், கிட்டத்தட்ட 30 ஜிகாபைட். வேகமாகப் பிடிக்கும்போது, செக்கனுக்கு 30 படம் என்றால் 250 மெகாபைட் எழுத வேண்டும். சுழலும் வன்தட்டு அதைத் தாங்காது, இடைநினைவு நிரம்பிப் படப்பிடிப்பு பாதியில் நிற்கும். எஸ்எஸ்டியில் எழுதி, முடிந்தபின் வன்தட்டுக்கு மாற்றுங்கள். மின்வெட்டு வரும் இடங்களில் ஒரே பெரிய அடுக்குக் கோப்பாகச் சேமிக்காமல் தனித்தனிப் படக் கோப்புகளாகச் சேமிப்பது பாதுகாப்பு. அடுக்குக் கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது, இடையில் மின் போனால் திறப்பது பெரும்பாடு. விண்டோஸின் உறக்கநிலையையும் தானியங்கி மீள்தொடக்கத்தையும் முதலே நிறுத்திவையுங்கள். குளிரூட்டி விட்டுவிட்டு இயங்கும் அறையில் உலோகம் சுருங்கி விரிவதால் குவியம் நழுவும். இயந்திரத்தின் மேல் குளிர்காற்று நேரே விழாமல் திருப்பிவிட்டாலே பாதி சரியாகும். (மார்கழி மழைக்கால ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது தனிக்கதை. சிலிக்கா ஜெல்லுக்கும் பாதீட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்.)

படம் கைக்கு வந்தபின் அளவுகோல். அளவுகோல் சிலைட் இல்லாமல் நுணுக்குக்காட்டி வாங்குவது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போல. ஆனாலும் அது இல்லாத இடத்தில் குருதிக் கலங்களை எண்ணும் நியூபவர் அறை இருக்கும். திருத்திய நியூபவர் அறையின் மையத்தில் மும்மூன்று கோடுகளால் பிரிக்கப்பட்ட சதுரங்கள் உள்ளன. ஒரு மும்மையின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த மும்மையின் நடுக்கோடு வரை 200 மைக்ரோமீற்றர். அதன் தடித்த மூடியைப் போடாமலே குவியப்படுத்தலாம். ஃபிஜியில் நேர்கோட்டுக் கருவியால் அந்தத் தூரத்தை இழுத்து, அனலைஸ் பட்டியலில் செட் ஸ்கேல் திறந்து 200 என்று கொடுங்கள். மேலே சொன்ன 0.63 குழாயும் 40 மடங்கு வில்லையும் என்றால் ஏறத்தாழ 1460 பிக்சல் வர வேண்டும். ஓரிரு வீதம் விலகினால் வில்லையில் பொறித்த எண் தோராயமானது என்று அர்த்தம், அளந்த எண்ணையே நம்புங்கள். சரியாக இரண்டு மடங்கு விலகினால் கமரா பிக்சல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தருகிறது. ஒரு சின்னச் சதுரத்தை மட்டும், 50 மைக்ரோமீற்றரை, அளந்தால் 3 பிக்சல் கைநடுக்கம் 0.8 வீதப் பிழை. 200ஐ அளந்தால் அதே நடுக்கம் 0.2 வீதம். செட் ஸ்கேல் பெட்டியில் குளோபல் என்றொரு அடையாளக் கட்டம் இருக்கிறது. அதைத் தெரிவுசெய்துவிட்டு வில்லையை மாற்றினால், 10 மடங்குப் படத்தையும் 40 மடங்கு அளவுகோலால் ஃபிஜி மௌனமாக அளந்து தரும். ஒரு பிழைச் செய்தியும் வராது.

மௌனமாக நடக்கும் பிழைகள்தான் இந்தத் துறையில் ஆபத்தானவை. ஜேபெக்கில் சேமித்தால் படம் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக நெருக்கப்படுகிறது, கல விளிம்புகளில் இல்லாத நிழல்கள் முளைக்கின்றன. அளக்கும் படம் எப்போதும் டிஃப் ஆக இருக்கட்டும். 12 பிட் படத்தைச் சாதாரணப் படங்காட்டியில் திறந்தால் கறுப்பாகத் தெரியும், கோப்பு பழுதல்ல, ஃபிஜியில் திறந்தால் சரி. பிரகாசம்-மாறுபாட்டுப் பெட்டியில் ஓட்டோ அழுத்தினால் திரைக் காட்சி மட்டும் மாறும், அப்ளை அழுத்தினால் பிக்சல் எண்களே மாறிவிடும். இவ்விரண்டு பொத்தான்களின் வித்தியாசத்தை முதல் வகுப்பிலேயே மாணவருக்குச் சொல்லுங்கள். சீரற்ற வெளிச்சத்தைத் திருத்த, சிலைட்டின் வெறுமையான பகுதியை ஒரு படம் எடுத்து அதனால் பிரிப்பது நல்ல முறை. ஆனால் இமேஜ் கல்குலேட்டரில் 32 பிட் கட்டத்தைத் தெரிவுசெய்யாமல் பிரித்தால் விடை முழு எண்ணாக வெட்டப்பட்டு, படம் முழுக்க 0உம் 1உம் மட்டுமே எஞ்சும்.

அம்பாறையில் நெல்லோடு வேலை செய்பவர்களுக்கு நுணுக்குக்காட்டியே வேண்டாம், தட்டை ஸ்கேனர் போதும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் ஒரு பிக்சல் 0.042 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் அரிசி கிட்டத்தட்ட 142 பிக்சல் நீளம். மணிகளை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, ஸ்கேனர் மூடிக்குப் பதில் கறுப்புத் துணி போட்டு ஸ்கேன் செய்யுங்கள். 8 பிட் சாம்பலாக்கி, ஒட்சு என்ற தானியங்கி முறையில் எல்லைப் பெறுமானம் (பொருளையும் பின்னணியையும் பிரிக்கும் பிரகாச எல்லை) போட்டு, செட் மெஷர்மென்ட்ஸில் ஃபெரெட் விட்டத்தைத் தெரிவுசெய்து, அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் ஓட்டினால் நீளமும் அகலமும் அட்டவணையாக வரும். தூசியைத் தவிர்க்கக் குறைந்தபட்சப் பரப்பளவு கொடுக்க வேண்டும், விளிம்பில் வெட்டுப்பட்ட மணிகளை விலக்கும் கட்டத்தையும் தெரிவுசெய்ய வேண்டும். முட்டிக்கொண்ட மணிகளைப் பிரிக்க வாட்டர்ஷெட் என்ற கட்டளையைப் பலர் கைகாட்டுவார்கள். உருண்டையான கலங்களுக்கு அது கைகண்ட மருந்து. நீண்ட நெல்மணியை நடுவில் வெட்டி இரண்டாக எண்ணிவிடும். பரப்பும்போது விரலால் விலக்கிவிடுவதே சிறந்த முறை.

மட்டக்களப்பு வாவி நீரில் மிதவை உயிரிகளை எண்ணுபவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. படத்துக்குப் படம் தானியங்கி எல்லைப் பெறுமானம் விட்டால், ஒன்றுமே இல்லாத வெறும் புலத்திலும் மென்பொருள் இரைச்சலைப் பிடித்து நூறு "உயிரிகள்" என்று எண்ணித் தரும். ஒரு நாளில் எடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒளிபடு நேரம், ஒரே எல்லைப் பெறுமானம் என்று பூட்டுங்கள். அதைக் கையால் செய்யாமல், மேக்ரோ பதிவியைத் திறந்துவைத்து ஒரு படத்துக்குச் செய்த படிகளைப் பதிவுசெய்து, அதையே முழுக் கோப்புறைக்கும் ஓட்டலாம். அந்த மேக்ரோவை ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தால், பரீட்சகர் அதே படங்களில் ஓட்டி அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம். டொங்கிளில் (கணினியில் செருகும் உரிமத் திறப்பான்) பூட்டிய மென்பொருளில் இது நடக்காது. அது ஒரு கணினியில் மட்டும் ஓடும், மாணவர் வரிசையில் நிற்பார்கள்.

"பழுதானால் யார் பொறுப்பு, சேவை ஒப்பந்தம் இல்லையே" என்று கணக்குப் பிரிவு கேட்கும். நியாயமான கேள்விதான். கொன்போகல் நுணுக்குக்காட்டி, சிலைட் ஸ்கேனர் போன்றவற்றின் படப்பிடிப்பு மென்பொருளை மைக்ரோ-மேனேஜரால் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டோம். அங்கே நிறுவன மென்பொருளே இருக்கட்டும். பிடித்த படத்தைப் பயோ-ஃபோர்மட்ஸ் திறக்கிறதா என்று மட்டும் வாங்கும் முன் சோதியுங்கள். சாதாரணக் கமராவுக்குச் சேவை ஒப்பந்தம் வன்பொருளுக்கே தேவை. ஃபிஜியை நிர்வாகி அனுமதியின்றிக் கோப்புறையாக விரித்தே ஓட்டலாம். விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மட்டும் போடாதீர்கள், இற்றைப்படுத்தல் தடைப்படும். இணையம் மந்தமான இடத்தில் ஒரு கணினியில் இற்றைப்படுத்திய கோப்புறையை அப்படியே பென் டிரைவில் மற்றக் கணினிகளுக்குக் கொண்டு போகலாம்.

நாங்கள் கேட்கும் பந்தி இது. விரும்பியபடி திருத்திக்கொள்ளுங்கள்:

"வழங்கப்படும் கமரா, விலைமனு திகதியில் மைக்ரோ-மேனேஜரின் ஆதரவுச் சாதனப் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். 12 பிட் அல்லது அதற்கு மேற்பட்ட பதனிடப்படாத தரவை வழங்குதல் வேண்டும். தானியங்கி ஒளிபடு நேரம், காமா, கூர்மையாக்கல், நிறச் சமநிலை ஆகிய ஒவ்வொன்றையும் பாவனையாளர் நிறுத்தக்கூடியதாயிருத்தல் வேண்டும். பிக்சல் அளவு, உணரியின் மூலைவிட்டம், இடைக்குழாயின் உருப்பெருக்கம் ஆகியன விலைமனுவில் குறிப்பிடப்படுதல் வேண்டும். படங்கள் டிஃப் வடிவில், எந்த உரிமத் திறப்பானும் இன்றி வாசிக்கத்தக்கனவாயிருத்தல் வேண்டும். ஒரு அளவுகோல் சிலைட் சேர்த்து வழங்கப்படுதல் வேண்டும்."

பெட்டி வந்த அன்றே பொருள் ஏற்புப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். மைக்ரோ-மேனேஜரில் கமராவை ஏற்றி, ஒளிபடு நேரத்தை 10, 20, 40 மில்லிசெக்கன் என்று வைத்து வெறும் சிலைட்டை மூன்று படம் எடுங்கள். ஒளியை மூடி இருட்டிலும் ஒன்று எடுங்கள். இருட்டுப் படத்தின் சராசரியைக் கழித்தபின், மற்ற மூன்றின் சராசரிகள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்று வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஹிஸ்டோகிராமின் வலது கரையைப் பாருங்கள். பிக்சல்கள் அங்கே குவிந்து நின்றால் ஒளி கூடிவிட்டது, குறைத்து மறுபடி எடுங்கள். குவியாமலும் விகிதம் தவறினால் கமரா உள்ளுக்குள் ஏதோ "அழகுபடுத்துகிறது". அதை நிறுத்தும் வழியை விற்பனையாளர் காட்டும் வரை படிவம் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

இங்ஙனம்,
நுண்படங்களை அளக்கும் பாவனையாளர்கள்,
மட்டக்களப்பு – அம்பாறை